கண்ணிய இல்லத்தின் ஆறு கட்டில்கள்

கண்ணிய மையத்தில் துன்பத்துக்கு மதிப்பெண் போடுவார்கள். நாற்பது வாங்கினால் பாஸ். முப்பத்தொன்பது வாங்கியவள் வீட்டுக்குப் போய், அடுத்த காலாண்டுக்குள் இன்னும் கொஞ்சம் துன்பப்பட்டுவிட்டு வரலாம்.

சிபலோன்ஸாவுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தெரியவில்லை. புக்காவு ஊரில், கடுத்து என்ற சந்தையில், பதினோரு வருஷம் துணி விற்றவள் அவள். சரக்கைப் புரட்டி, நூலை இழுத்து, முகத்தைச் சுளித்து, 'இதுக்கா இவ்வளவு?' என்று கேட்கிற ஜாதியை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் சந்தையில் சுளித்தவர்கள் கடைசியில் ஒரு முழமாவது வாங்கிக்கொண்டு போனார்கள்.

சண்டை துரத்தியதில் சந்தை போயிற்று, புருஷன் போனான், எல்லை தாண்டி கம்பாலாவுக்கு வந்து சேர்ந்தாள். முதல் மூன்று மாதம் தெருவில் பாசிமணி விற்றாள். மாநகராட்சிக்காரர்கள் மூன்று தடவை தட்டோடு பறித்துப் போனார்கள். அவர்கள் பறித்து லாரியில் ஏற்ற முடியாத சரக்கு அவளிடம் ஒன்றுதான் மிச்சமிருந்தது. அதை விற்க ஆரம்பித்து நாலு வருஷமாகிறது.

இந்தச் செவ்வாய்க்கிழமை அவள் மையத்துக்குத் தனக்காக வரவில்லை. பக்கத்தில் ரிஸிகி உட்கார்ந்திருந்தாள். கட்வே சேரியில் அடுத்த அறைக்காரி, அதே ஊர், அதே தொழில், இருபத்திரண்டு வயது. இடது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கட்டுப் போட்டிருந்தது. சனிக்கிழமை வந்த ஒருவன் காரியம் முடிந்ததும் காசைத் திருப்பிக் கேட்டான். தரமாட்டேன் என்றதற்குக் கத்தி. போகும்போது கதவை உதைத்துக் கீலைப் பெயர்த்துவிட்டு, 'பாக்கிக்கு வருவேன்' என்று சொல்லிவிட்டுப் போனான். காவல் நிலையத்தில் முதலில் அவளுடைய அகதிக் காகிதத்தைக் கேட்டார்கள். பிறகு அந்த நேரத்தில் அங்கே உனக்கென்ன வேலை என்று கேட்டார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, எவ்வளவு என்று கேட்டார்கள். வீட்டுக்காரி, வெள்ளிக்கிழமைக்குள் காலி பண்ணு என்றுவிட்டாள்.

மக்கிந்தே மேட்டில், இப்படிப்பட்ட பெண்களுக்கென்றே மையம் ஓர் இல்லம் கட்டியிருந்தது. படம் சுவரில் தொங்கியது. ஆறு கட்டில்கள். ஆறும் காலி. சிபலோன்ஸாவுக்கு வேண்டியது ஒன்று.

"வெட்டுக்காயம்," என்றாள் மேசைக்கு அந்தப் பக்கமிருந்த மையத்து அலுவலர் பிரிஸில்லா மேடம், பேனாவைத் திறந்து. "எத்தனை தையல்?"

"ஏழு," என்றாள் ரிஸிகி.

"ஏழுக்கு ஆறு மதிப்பெண். பத்துத் தையல் தாண்டியிருந்தா 'கடும்' பிரிவு. பன்னெண்டு கிடைச்சிருக்கும்."

சிபலோன்ஸாவின் சந்தை நாக்கு தானாக எழுந்துகொண்டது. "மேடம், ஆஸ்பத்திரியில நூல் தீந்துபோச்சு. அதான் ஏழோட நிறுத்தினாங்க. நூல் இருந்திருந்தா பதினொண்ணு விழுந்திருக்கும். நீளத்தைப் பாருங்க நீங்களே."

"நீளத்துக்குக் கட்டம் இல்லம்மா."

"சரி, மதிப்பெண்ணை எட்டாப் போடுங்க."

"ஏழு."

"ஏழரை."

பிரிஸில்லா கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு ஏழரை என்று எழுதினாள். சிபலோன்ஸாவுக்கு ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. அடுத்த நொடி தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

"வருமானம் இருக்கா?"

"இருந்ததாலதான் மேடம் வெட்டு விழுந்தது."

"அப்ப தற்சார்பு. பன்னெண்டு கழியும்."

"இல்லன்னு எழுதிக்குங்களேன்."

"இல்லன்னா இந்தத் தொழில்ல இல்லன்னு ஆயிடும். இந்தத் தொழில்ல இருக்கிறவங்களுக்குத்தான் திட்டமே."

"அப்ப இருக்குன்னே எழுதுங்க."

"இருந்தா இல்லத்துல சேர முடியாதே. விதி நாலு. தொழிலை விட்டுத் தொண்ணூறு நாள் ஆகியிருக்கணும்."

"அந்தத் தொண்ணூறு நாள் அவ எங்க இருப்பா?"

"அதுக்காகத்தானே இல்லமே கட்டினோம்," என்றாள் பிரிஸில்லா. அவள் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை; மாதச் சம்பளம் ஒழுங்காக வருகிற முகம். "விட்டதுக்கு அத்தாட்சி வேணும். கடைசி முதலாளிகிட்டேர்ந்து விடுவிப்புக் கடிதம். முதலாளி இல்லன்னா நிரந்தர வாடிக்கையாளர் ரெண்டு பேர் கையெழுத்து, அடையாள அட்டை நகலோட."

ரிஸிகி அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வெட்டினவன்கிட்ட வாங்கலாமா? மூணு தடவை வந்திருக்கான். எப்படியும் திரும்ப வர்றேன்னு சொல்லியிருக்கான்."

பிரிஸில்லா விதிப்புத்தகத்தைப் புரட்டினாள். "மூணு தடவை நிரந்தரத்துல வராது. அஞ்சு வேணும்."

கூட்டிக் கழித்ததில் முப்பத்தி நாலரை வந்தது. மறுநாள் பயிற்சி வகுப்பு இருக்கிறது, வந்தால் ஐந்து சேரும் என்றாள் பிரிஸில்லா. ஐந்து சேர்ந்தாலும் அரை குறையும். அந்த அரைக்கு என்ன வழி என்று சிபலோன்ஸா கேட்டாள். நம்பிக்கையோடு இருங்கள் என்று பதில் வந்தது.

பயிற்சியின் பெயர் 'பேரம் பேசும் திறன் மேம்பாடு'. நிபுணர் ஒருவர் அதற்காக விமானம் ஏறி வந்திருந்தார். இருபது வருஷமாகப் பாலியல் தொழிலாளர்களைப் படித்திருக்கிறாராம். அவர்களில் ஒருத்தியிடமும் ஒரு நாளும் பேரம் பேசியதில்லை என்பது முதல் கால் மணியிலேயே தெரிந்துவிட்டது. மையத்து ஓட்டுநரை வாடிக்கையாளராக நாற்காலியில் உட்காரவைத்து, யாராவது முன்வந்து பேரம் பேசிக்காட்டுங்கள் என்றார்.

டோர்காஸ் எழுந்தாள். சிபலோன்ஸாவின் சிநேகிதி, தொழிலில் மூத்தவள், வாய் அதைவிட மூத்தது. ஓட்டுநரின் எதிரே உட்கார்ந்து, "என்னய்யா, வீட்ல சௌக்கியமா?" என்றுதான் ஆரம்பித்தாள். பத்து நிமிஷத்தில் அவன் தன் மதியச் சாப்பாட்டுச் சீட்டையும், ஊருக்கு எடுத்துப்போக வண்டியில் வைத்திருந்த வாழைக்குலையில் பாதியையும் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தான். எதற்காக என்ற பேச்சே இன்னும் வரவில்லை.

"நன்று," என்றார் நிபுணர். "ஆனால் கண்ணைப் பார்த்துப் பேசுவதில் இன்னும் முன்னேற்றம் தேவை." டோர்காஸுக்கு 'தொடக்க நிலை' என்று சான்றிதழ் எழுதினார்.

அடுத்த பாடம் திரையில் விழுந்தது: எதிராளி ஆயுதம் எடுத்தால். நிபுணர் வாசித்தார். "நிதானமான, தெளிவான குரலில் உங்கள் எல்லையை அவருக்குத் தெரியப்படுத்துங்கள்."

ரிஸிகி கட்டுப்போட்ட கையைத் தூக்கினாள். சந்தேகம் கேட்கிறாள் என்று நினைத்து நிபுணர் மலர்ந்தார்.

"தெரியப்படுத்தினேன் ஐயா," என்றாள் அவள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மறுகை விரலால் கோடிழுத்துக் காட்டினாள். "இங்கேர்ந்து இது வரைக்கும்னு அவன் புரிஞ்சுக்கிட்டான்."

நிபுணர் குறிப்பேட்டில், 'பங்கேற்பாளர் அனுபவப் பகிர்வு: ஒன்று' என்று எழுதிக்கொண்டு தேநீர் இடைவேளை விட்டார். ஐந்து மதிப்பெண் கோப்பில் ஏறப் பதினாலு வேலைநாள் ஆகும் என்று வாசலில் சொன்னார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஓர் அதிசயம் நடந்தது. பிரிஸில்லா மேடம் குதிகால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கட்வேயின் சாக்கடைச் சந்துக்குள் வந்தாள். டோர்காஸ் சிபலோன்ஸாவின் வாசலில் மரவள்ளி மாவு கிளறிக்கொண்டிருந்தாள். "வாங்க மேடம், வழி தவறிட்டீங்களா, இல்ல தொழில் மாத்துறீங்களா?"

பிரிஸில்லா உட்கார இடம் தேடிவிட்டு நின்றபடியே சொன்னாள். நாளைக்கு இல்லத்தின் திறப்பு விழா. கட்டப் பணம் கொடுத்த நாட்டிலிருந்து ஓர் அம்மாள் வருகிறார். கட்டிலில் பெண்களைப் பார்க்க வேண்டும் என்கிறார். நாற்பது மதிப்பெண்ணும் விதி நாலும் சேர்ந்து பொருந்தின ஒருத்திகூட இந்த நகரத்தில் இதுவரை கிடைக்கவில்லை.

"அலுவலகத்துல டைப் அடிக்கிற பொண்ணுங்களைப் படுக்க வைங்க," என்றாள் டோர்காஸ்.

"அவங்க மாட்டேங்கிறாங்க. மரியாதைக் குறைவாம். அதோட, நிஜமானவங்களா இருக்கணும்னு அந்த அம்மா சொல்லிட்டாங்க."

"நாங்க நிஜமா, மேடம்?" என்றாள் சிபலோன்ஸா.

"விண்ணப்பத்துல இல்ல. பாக்கிறதுக்கு."

"எவ்வளவு நேரம் படுக்கணும்?" டோர்காஸ் கிளறுவதை நிறுத்தினாள்.

"ஒரு மணி நேரம். சோடா உண்டு. போக வர வண்டிச் செலவு உண்டு."

"ஒரு மணி நேரம் படுத்தா சோடாவா! என் தொழில் தெரிஞ்ச ஊர்ல போய்க் கேட்டுப் பாருங்க." அவள் பிரிஸில்லாவின் கண்ணை நேராகப் பார்த்துப் பேசினாள்; சான்றிதழில் குறை சொல்லிவிட்டார்களல்லவா. கடைசியில் சோடாவோடு கோழியும், வண்டிச் செலவு இரண்டு பங்கும் என்று முடிந்தது.

சிபலோன்ஸா கேட்டது ஒன்றுதான். "ஆறு பேர்ல ரிஸிகி ஒருத்தி."

"வரட்டும். ஆனா பாக்கிறதுக்குத் தொழிலை விட்ட மாதிரி இருக்கணும்."

"விட்டவ எப்படி இருப்பா மேடம்?"

பிரிஸில்லா யோசித்தாள். "கொஞ்சம் களைச்சு, கொஞ்சம் நன்றியோட."

களைப்புக்கு ஒப்பனை தேவைப்படவில்லை. வெள்ளிக்கிழமை காலை ரிஸிகி தன் பையைக் கட்டிக்கொண்டே வண்டியில் ஏறினாள். அறைச் சாவியை வீட்டுக்காரி வாசலில் நின்று வாங்கிக்கொண்டாள். ஆறு ராத்திரியாக ரிஸிகி கீல் பெயர்ந்த கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தே கிடந்தவள். மேட்டு வீட்டுக் கூடத்தில் மூன்று மூன்றாக ஆறு கட்டில்கள் போட்டிருந்தன. மெத்தைகளின் மேல் இன்னும் கடைப் பிளாஸ்டிக். மூன்றாவது கட்டிலில் தலையை வைத்தவள், வைத்த மாதிரியே தூங்கிப்போனாள். பிளாஸ்டிக் வியர்வையில் முகத்தோடு ஒட்டிக்கொண்டு நசநசத்தது. சிபலோன்ஸா அதை மெல்ல உருவிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

இயக்குநர் ஸெபுன்யா பேசினார். நல்ல குரல். மூன்று சொல்லுக்கு ஒரு தடவை கண்ணியம் என்று சொன்னால் குரல் தானாக நன்றாகிவிடும் போலிருக்கிறது.

"இந்த இல்லம் முடிந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. இந்தப் பதினான்கு மாதங்களில் இங்கே ஒரு விதிமீறல்கூட இல்லை. ஒரு சண்டை இல்லை. ஒரு தட்டு உடைந்ததில்லை. காரணம், தகுதியில் நாங்கள் காட்டிய கண்டிப்பு. முந்நூற்றுப் பன்னிரண்டு சகோதரிகள் விண்ணப்பித்தார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் கதையையும் கண்ணீரோடு கேட்டோம். கேட்ட எங்கள் ஊழியர்களுக்கு மன அழுத்தம் வந்து, ஏரிக்கரை விடுதியில் அவர்களுக்கு மூன்று நாள் ஓய்வு முகாம் நடத்தினோம். அந்தச் செலவைத் தாராளமாக ஏற்ற நம் விருந்தினருக்கு நன்றி. இந்த நகரத்து அகதிகள் யாரிடமும் கையேந்தாதவர்கள், தற்சார்பானவர்கள். அவர்களுடைய அந்தப் பெருமையைக் குலைத்துவிடக்கூடாதே என்றுதான் நாங்கள் ஒவ்வொரு நாளும் பாடுபடுகிறோம்."

எல்லோரும் கை தட்டினார்கள். சிபலோன்ஸாவும் தட்டினாள், ஒப்பந்தத்தில் இருந்தது. தட்டிய கை எரிந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டில் பாதிப் பேரின் முகம் அவளுக்குத் தெரியும். அதில் இரண்டு பேரைப் புதைக்கக் கூட்டத்தோடு போயிருக்கிறாள்.

விருந்தாளி அம்மாள் கட்டில் கட்டிலாக வந்தார். நல்ல மனுஷி போலத்தான் இருந்தார். கண் கலங்கியே இருந்தது. மூன்றாவது கட்டிலருகே குனிந்து ரிஸிகியின் தோளைத் தொட்டார். அவள் திடுக்கிட்டுக் கையை முகத்துக்கு முன்னால் தூக்கினாள்.

"இங்கே வந்த பிறகு எப்படி உணருகிறாய் என்று கேளுங்கள்."

பிரிஸில்லா கேட்டாள்.

"தூக்கம் வருது," என்றாள் ரிஸிகி.

"இப்போதெல்லாம் தனக்குக் கனவுகள் வருகின்றன என்கிறாள்," என்று பிரிஸில்லா மொழிபெயர்த்தாள். அம்மாள் கைக்குட்டையை எடுத்தார். புகைப்படக்காரர் அந்தக் கைக்குட்டையைப் படம் பிடித்தார்.

அம்மாளைப் பின்தோட்டத்துக்குத் தேநீருக்கு அழைத்துப் போனார்கள். அவர் அங்கே வெண்ணெய்ப்பழ மரத்தின் கீழ் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, முன்வாசலில் ஒரு சின்ன லாரி வந்து நின்றது. ஹாஜி கவூமா இறங்கினார். கல்யாணப் பந்தல், நாற்காலி, கட்டில், சமையல் அண்டா எல்லாம் வாடகைக்கு விடுகிறவர்.

"நேரம் ஆச்சு," என்றார். "கட்டில் ஆறு, மெத்தை ஆறு. நாளைக்கு என்டெபே பக்கம் கல்யாணம். எழுந்திரிங்க அம்மாமார்களே."

சிபலோன்ஸாவுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு சட்டென்று எல்லாம் விளங்கியது. கட்டில்களே வாடகைக் கட்டில்கள். சுவரில் தொங்கிய படத்தில் இருந்தவையும் இவரிடம் எடுத்தவையாகத்தான் இருக்கும். தொண்ணூறு நாள் கழித்து, நாற்பது மதிப்பெண்ணோடு, ஐந்து தடவை வந்தவன் கையெழுத்தோடு ஒருத்தி இந்த மேட்டில் ஏறி வந்திருந்தாலும், அவள் வெறுந்தரையில்தான் படுத்திருப்பாள். மூன்று நாளாக அரை மதிப்பெண்ணுக்கு அவள் பேரம் பேசிய கடையில் சரக்கே இல்லை.

"கிளம்புங்க, கிளம்புங்க," என்று இயக்குநர் கிசுகிசுத்துக்கொண்டே வந்தார். "சத்தம் போடாமல். கோழி பொட்டலமாகக் கட்டியாகிவிட்டது."

ஹாஜியின் கண் மூன்றாவது கட்டிலில் நின்றது. ரிஸிகி மறுபடி தூங்கியிருந்தாள். கைக்கட்டு நெகிழ்ந்து, மெத்தையில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு ஊறியிருந்தது.

"பிளாஸ்டிக்கைப் பிரிச்சது யாரு?"

"நான்தான் ஹாஜி," என்றாள் சிபலோன்ஸா.

"அப்ப இது வித்த சரக்கு. கறை பட்ட மெத்தையை நான் திருப்பி எடுக்கிறதில்ல."

"கழுவிக்கொள்ளலாமே," என்றார் இயக்குநர்.

"ஐயா, மணப்பொண்ணுக்குப் போடுற மெத்தை. இதைக் கொண்டுபோய் விரிச்சா என்னை உள்ள வெச்சுத் தைச்சுடுவாங்க. வாடகைச் சீட்டுப் பின்னாடி எழுதியிருக்கு, உங்க கையெழுத்து கீழேயே இருக்கு. பிரிச்சாலும் கிரயம், கறைபட்டாலும் கிரயம், கட்டிலோட சேர்த்து."

ஹாஜி சொல்லிவிட்டு சிபலோன்ஸாவைப் பார்த்தார். அவள் ஹாஜியைப் பார்த்தாள். சந்தையில் எதிரெதிர்க் கடைக்காரர்கள் நடுவில் நிற்கும் ஆளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளும் பார்வை அது.

"டோர்காஸ்," என்றாள் அவள், "என்ன புழுக்கம்டீ இங்க."

"ஆமா சிபா. மீனைப் பொட்டலம் கட்டின மாதிரி இருக்கு." டோர்காஸ் தன் மெத்தையின் பிளாஸ்டிக்கை ஒரே இழுப்பில் கிழித்தாள். மற்ற மூவரும் கிழித்தார்கள். சிபலோன்ஸா தன்னுடையதைக் கிழித்து, கோழிப் பொட்டலத்தைப் பிரித்து, எண்ணெய் சொட்டச் சொட்ட மெத்தையின் நடுவில் வைத்துச் சாப்பிட உட்கார்ந்தாள்.

"ஆறும் கிரயம்," என்றார் ஹாஜி, முகத்தில் துக்கம் காட்டி. வீட்டில் பேரன் பிறந்த மாதிரி உள்ளுக்குள் இருந்திருக்கும்.

"போலீஸைக் கூப்பிடுவேன்," என்றார் இயக்குநர்.

"கூப்பிடுங்க," என்றாள் சிபலோன்ஸா. "அம்மா தோட்டத்துலதான் இருக்காங்க. போலீஸ் வர்ற வரைக்கும், இந்தக் கட்டில் யாருதுன்னு அவங்ககிட்ட கேட்டுக்கிட்டிருக்கேன். கட்டில் வாங்கன்னு போன வருஷமே பணம் குடுத்திருப்பாங்கல்ல ஐயா?"

இயக்குநரின் கழுத்துப்பட்டி ஒரு தடவை ஏறி இறங்கியது. கண்ணியம் என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. பேனா வந்தது. ஹாஜியின் சீட்டில் கையெழுத்துப் போட்டார். பிறகு இல்லத்துப் பதிவேட்டை வரவழைத்து, தன் கையாலேயே ஆறு பேரின் பெயரையும் எழுதி, ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் 'தொழிலை விட்டுத் தொண்ணூறு நாள் பூர்த்தி' என்று எழுதினார். கணக்குப்படி தொழிலை விட்ட அந்த நாளில் ரிஸிகி இந்த நாட்டுக்குள்ளேயே வந்திருக்கவில்லை. மதிப்பெண் கட்டத்தில் எல்லோருக்கும் நாற்பது போட்டார். பேனா ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

"இவ்வளவு சுலபமா?" என்றாள் சிபலோன்ஸா. குரல் அவளுக்கே கேட்காத அளவுக்குத் தாழ்ந்து வந்தது. "ரெண்டு கோடு இழுக்கிற வேலையா ஐயா இது? முந்நூத்துப் பன்னெண்டு பேருக்கும் இந்தப் பேனாதானா இருந்தது?"

அவர் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, விருந்தாளியைக் காரில் ஏற்றப் போனார்.

ஐந்து மணிக்குள் எல்லோரும் போய்விட்டார்கள். காவலாளியும் போனான், அவனும் ஒரு நாள் வாடகைதானாம். சமையலறையில் ஒரு பிடி அரிசி இல்லை. டோர்காஸ் கண்ணாடி முன்னால் உதட்டுக்குச் சாயம் பூச ஆரம்பித்தாள்.

"எங்கடீ கிளம்பிட்ட? தொழிலை விட்டுத் தொண்ணூறு நாளாச்சு உனக்கு."

"தொண்ணூறு நாளாப் பட்டினி கிடக்கேன் சிபா. பசிக்காதா?"

சிபலோன்ஸா வீட்டைச் சுற்றி வந்தாள். முன்கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. இருந்த சுவடும் இல்லை. வெட்டுப்பட்டு ஓடி வருகிற பெண்களுக்கென்று கட்டிய வீட்டின் கதவை ஒரு குழந்தை தள்ளினாலும் திறக்கும். கதவின் வெளிப்பக்கம் மட்டும் கனமான பித்தளைப் பலகை ஒன்று, இல்லத்தின் பெயரும் இயக்குநரின் பெயரும் பொறித்து, நாலு நீள இரும்புத் திருகாணிகளால் இறுக்கியிருந்தது.

கட்வேயின் இரும்புப் பட்டறைகளுக்கு வண்டி ஏறிப்போய், சோடாவுக்கு மேல் கிடைத்த வண்டிச் செலவில் ஒரு தடித்த தாழ்ப்பாள் வாங்கி வந்தாள். திருகாணி வாங்கக் காசு போதவில்லை. அதைப் பற்றி அவள் கவலைப்படவும் இல்லை. கத்தி முனையால் பித்தளைப் பலகையின் நாலு திருகாணிகளையும் கழற்றினாள். பலகை கீழே விழுந்து படியில் உருண்டது, குனிந்து பார்க்கவில்லை. அந்த நாலையும் தாழ்ப்பாளில் வைத்து, கை காய்க்கும் வரை இறுக்கினாள்.

ரிஸிகியை எழுப்பினாள். "உள்ளேர்ந்து போடு."

தாழ் விழும் சத்தம் கேட்டது. சிபலோன்ஸா வெளியே இரண்டடி பின்வாங்கி, தோளால் கதவை இடித்தாள். நின்றது. காலைத் தூக்கி உதைத்தாள். பிறகு இன்னொரு உதை, இன்னொன்று. அவனுக்கு ஒன்று, காவல் நிலையத்துக்கு ஒன்று, ஏழரைக்கு ஒன்று, நாற்பதுக்கு ஒன்று. கால் விரல் பெயர்ந்து ரத்தம் வந்த பிறகுதான் நிறுத்தினாள். கதவு அசையவில்லை.

"அக்கா?" உள்ளேயிருந்து ரிஸிகியின் குரல். "நீதானே? திறக்கவா?"

"திறக்காத," என்றாள் சிபலோன்ஸா, மூச்சு வாங்க. "நானே வந்து கூப்பிட்டாலும் யாருன்னு ரெண்டு தடவை கேட்டுட்டுத் திற. போய்ப் படு."

காலை நொண்டியபடி மேட்டிலிருந்து இறங்கினாள். கீழே டோர்காஸ் வண்டியை நிறுத்திவைத்திருந்தாள். ஆறு பேருக்கு அரிசி வேண்டும்.